தண்ணித் தொட்டி ஓரத்துக் குழி

இல்ல, கையில வச்சுக்கிட்டே பேசாத. எல்லாத்தையும் மேசை மேல வை. சட்டைப் பையில இருக்கிறதையும்தான். தப்பா எடுத்துக்காத தம்பி, இந்த வீட்டுல அதான் வழக்கம். என் வயல்ல எது கெடச்சாலும் மொதல்ல இந்த மேசைக்கு வரணும், அப்புறம்தான் மத்த பேச்சு. ஆளுக்குப் பாதின்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்ல? பாதி எவ்வளவுன்னு தெரியணும்னா முழுசு எவ்வளவுன்னு தெரியணும்.

இரு, பேப்பர் விரிக்கிறேன். ம், இப்ப வை. ஒவ்வொண்ணா.

பூட்ஸ் இருக்கட்டும், இந்தத் தரை பாக்காத சேறா. அந்த நாயை நகத்திட்டு உக்காரு. நெல்லின்னு பேரு. காலைல உன்னைப் பாத்து அது குரைக்கல, நான் கவனிச்சேன். போன வருஷம் டிராக்டர்லேருந்து டீசலை உறிஞ்சிட்டுப் போனானே ஒருத்தன், அவனைப் பாத்தும் அது குரைக்கல. அதனால அது வாலாட்டுதுன்னு உன்னை நல்லவன் கணக்குல சேத்துக்க மாட்டேன். சும்மா சொல்றேன். டீக்கு எத்தன சர்க்கரை? ஒண்ணா. உன்னைப் பாத்தா ரெண்டு போடற ஆள் மாதிரி இருந்துச்சு.

சரி, இது பட்டன். இதுவும் பட்டன். இது பெல்ட்டு பக்கிள், உடைஞ்சது. இது ஈயக் குண்டு. அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டு, இந்த நார்ஃபோக் ஜில்லாவுல எந்த வயலைக் கீறினாலும் இது நாலு வரும். இது எங்க டிராக்டர் பின்னு. சிரில் இதைத் தொலைச்சுட்டு, நான்தான் எங்கயோ எடுத்து வச்சுட்டேன்னு ரெண்டு நாள் என்னைத் திட்டினாரு. என் வீட்டுக்காரர். போய்ச் சேந்து பதினஞ்சு வருஷமாச்சு. இதைக் கொண்டுபோய் அவர் கல்லறை மேல வைக்கணும், இந்தாய்யா உன் பின்னுன்னு.

இருபத்தெட்டு இருக்கு. அந்த உலோகம் தேடற மிஷினை வச்சு நீ முப்பத்தொரு குழி தோண்டின.

எப்படித் தெரியும்னா? மாடி ஜன்னலைப் பாரு. அதுக்குள்ள ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர். சிரில் பறவை பாக்க வாங்கினது, நான் மனுஷங்களைப் பாக்கறேன். நீ குனியறப்பல்லாம் விதைக் கம்பெனிக்காரன் குடுத்த நோட்டுல ஒரு கோடு போட்டேன். முப்பத்தொரு கோடு. மீதி மூணு எங்க?

ஆணியா. ஒரு ஆணி, ஒரு சாக்லேட் காகிதம், ரெண்டாச்சு. வேலிக்குள்ள வீசிட்டியா? சரி. நாளைக்குப் போய்ப் பாத்துக்கறேன். கோவிச்சுக்காத தம்பி. மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல. உன் மடியில இன்னும் ஏதோ இருக்கு, அந்த மேல் பையில. உள்ள வந்ததுலேருந்து நாலு வாட்டி அதைத் தொட்டுப் பாத்துட்ட.

ம்.

இதை ஏன் கடைசியா எடுத்த? எனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னா. எனக்கு ஆச்சரியம் பிடிக்காது.

தங்கம்தான். எனக்குத் தெரியாதா. சவரன் காசு. தாடி வச்ச ராஜா. நீ ஒண்ணும் துள்ளாத, நாய் மெரளும். இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இது வந்த மண்ணுக்கட்டியைத் தூக்கிப் போட்டுடலையே? வச்சிருக்கியா? டப்பாலயா? நல்ல காரியம் பண்ணின. எடு. மெதுவா. தட்டாத, ஊதாத, தண்ணி படவே கூடாது.

இந்த மண்ணுக்குள்ள என்னவோ ஒட்டிக்கிட்டு இருக்கே. வெள்ளையா, மூலை மூலையா.

இருபது பென்ஸா? நீ என்ன இவ்வளவு சுளுவா சொல்ற, இருபது பென்ஸ்தான்னு. இது எந்தக் குழி? அதே குழியா? சவரன் வந்த அதே குழியா? தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. நிமிந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

எந்த எடம்? தண்ணித் தொட்டிப் பக்கமா. தொட்டிக்கு இந்தப் பக்கமா, கேட்டுப் பக்கமா? எத்தன அடி? உன் அடியா, என் அடியா?

அங்க நீ ஏன் போன? அங்க பூமிக்குள்ள இரும்புக் குழாய் ஓடுது. உங்க மிஷினைக் கொண்டு போனா அது பிரசவ வலி வந்த பசு மாதிரி கத்தும். உங்க ஆளுங்க யாரும் அங்க போக மாட்டாங்க. நீ மட்டும் ஏன் போன? யாராவது சொல்லி அனுப்பிச்சாங்களா? அந்தத் தொட்டி ஓரம் பாரு, கெழவிக்குத் தெரியாதுன்னு?

சாண்ட்விச் சாப்பிடப் போனியா. தொட்டி விளிம்புல டிபன் டப்பாவை வச்சுட்டு, மிஷினை அணைக்காம சாச்சு வச்ச, அது கூப்பிட்டுச்சு. ம். நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம். தொட்டி மேல டிபன் வைக்கிற ஆள் இதுக்கு முன்னாடியும் ஒருத்தர் இருந்தாரு.

உன்னை ஒண்ணு கேக்கறேன். சர்ச்சுக்குப் பின்னாடி வரிசையா சின்ன வீடுங்க இருக்கே, அதுல கடைசி வீட்டு ஆளைத் தெரியுமா? பச்சைக் கதவு. உயரமா, லேசாக் கூனி நடப்பாரு. ஹெட்லின்னு பேரு. தெரியாதா? உங்க மிஷின் சங்கத்துல யாரும் பேசினதில்லையா? பேச மாட்டாங்க. ஒம்பது வருஷம் முன்னாடி பட்டியல்லேருந்து பேரை அடிச்சுட்டாங்க. அடிக்க வச்சது நான்தான்.

டீயைக் குடி. ஆறுது.

சொல்றேன், கேட்டுட்டு நீ என்ன வேணா நெனச்சுக்க. உனக்கு முன்னாடி என் வயல்ல மிஷின் போட்டவர் அவர்தான். ஆறு வருஷம், சனிக்கிழமை தவறாம. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவரு. பொண்டாட்டி போயிட்டா. பார்லி அறுத்து முடிஞ்சதும் வருவாரு, மறுபடி விதைக்கிற வரைக்கும் வருவாரு. காலைல எட்டு மணிக்கு அந்தத் தொட்டி மேல சாப்பாட்டுப் பையை வைப்பாரு, அங்கேருந்து ஆரம்பிப்பாரு. குழியை மூடினாருன்னா தோண்டின எடம் எதுன்னு எனக்கே தெரியாது. சாயங்காலம் இதே நாற்காலி, இதே மேசை. பேப்பரை அவரே கொண்டு வருவாரு, மேசை அழுக்காகக் கூடாதுன்னு. அதை விரிச்சு, பட்டனை பட்டனோட, ஈயத்தை ஈயத்தோடன்னு வரிசையா வைப்பாரு. நான் பிரட் புட்டிங் வெட்டி வைப்பேன். ரெண்டு துண்டு சாப்பிடுவாரு.

அந்த மனுஷனுக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம். ஊரே சிரிக்கும். ஏதாவது நல்லதா ஒண்ணு கெடச்சுதுன்னு வை, வெள்ளிக் காசோ, சட்டையில குத்தற ஒரு ப்ரூச்சோ, அதை எடுத்த குழிக்குள்ள தன் பாக்கெட்லேருந்து ஒரு காசைப் போட்டுட்டுத்தான் மூடுவாரு. அதுவும் அந்தந்த வருஷம் அச்சடிச்ச புதுக் காசா இருக்கணும். அதுக்குன்னே கடையில மீதிச் சில்லறை வாங்கறப்ப வருஷம் பாத்துப் பொறுக்கி, புகையிலை டப்பால சேத்து வச்சுப்பாரு. ஏன்யா இப்படின்னு கேட்டா, எடுத்தா வைக்கணும் மேவிஸ்னுவாரு. நாளைக்கு ஒருத்தன் தோண்டினா, இந்த வருஷம் இங்க ஒருத்தன் வந்து எடுத்துட்டான்னு அவனுக்குத் தெரியட்டும், ஏமாறாம இருக்கட்டும்னுவாரு. இந்தச் சுத்து வட்டாரத்துல அப்படி வேற யாரும் செய்யறதில்ல. நான் விசாரிச்சிருக்கேன்.

நல்ல மனுஷனா? நானும் அப்படித்தான் இருந்தேன், கொஞ்ச நாள். ஆனா ஒண்ணு சொல்லு, ஆறு வருஷம் ஒருத்தன் ஒரு குத்தமும் இல்லாம இருந்தா உனக்குச் சந்தேகம் வராதா? எனக்கு வரும். ஒத்தைப் பொம்பளையா பண்ணை நடத்திப் பாரு, தெரியும். விதைக்காரன் ஏமாத்துவான், உரக்காரன் ஏமாத்துவான், பீட்ரூட் ஏத்திட்டுப் போற லாரிக்காரன் எடையில மண்ணுன்னு கழிப்பான். இதுல ஒரு ஆள் மட்டும் பட்டனைக் கூட விடாமக் கொண்டு வந்து வைக்கிறான்னா, பட்டனைக் காட்டிட்டு எதையோ மறைக்கிறான்னுதானே அர்த்தம்?

என் நாத்தனார் ஐரிஸ், சிரிலோட அக்கா, கூடவே உக்காந்து ஊதி விட்டா. அந்த ஆள் நெலத்தைத் தோண்டலடி மேவிஸ், உன்னைத் தோண்டறான்னா. நூத்தி நாப்பது ஏக்கர் இருக்கிற விதவை வீட்டுல எவனாவது புட்டிங் சாப்பிடவா வருவான்னா. அவ வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆள் இல்ல. ஆனா ராத்திரி படுத்தா அவ சொன்னது மட்டும்தான் காதுல ஓடும்.

அப்ப ஒரு சனிக்கிழமை அவர் திருடினாரு. ஒரு சவரன். நான் கண்ணால பாத்தேன். மாடி ஜன்னல்லேருந்து, அதே பைனாகுலர்ல. தொட்டி ஓரம் குனிஞ்சாரு. தோண்டினாரு. முட்டி போட்டு உக்காந்தாரு, உக்காந்தவர் எழுந்திரிக்கல. அஞ்சு நிமிஷம் இருக்கும். முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது எனக்கு. அப்புறம் குழியை மூடி, மிதிச்சு, புல்லைச் சரி பண்ணிட்டு எழுந்து இந்த வீட்டைத் திரும்பிப் பாத்தாரு. தொப்பியைக் கழட்டினாரு. மறுபடி போட்டுக்கிட்டாரு. நான் ஜன்னல்லேருந்து பின்னால நகந்துட்டேன்.

சாயங்காலம் வந்தாரு. பேப்பரை விரிச்சாரு. நாலு பட்டன், ஒரு குண்டு, ஒரு பழைய சாவி. அவ்வளவுதான். நான் கேட்டேன், இவ்வளவுதானா ஹெட்லின்னு. என் குரலே எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. அவர் என்னைப் பாத்தாரு, அதோ அந்தப் பீங்கான் அலமாரியைப் பாத்தாரு, மறுபடி என்னைப் பாத்தாரு. உங்களுக்குச் சொந்தமான எதையும் நான் எடுத்துட்டுப் போகல மேவிஸ்னாரு. அதைச் சொல்லிட்டுத் தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. புட்டிங்கைத் தொடல. திருடனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருன்னு நான் நெனச்சேன்.

திங்கக்கிழமையே உங்க சங்கத்துச் செயலாளர் க்ளைவுக்குப் போன் போட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஐரிஸ் ஊர் முழுக்கப் போட்டுட்டா. அவரை வயல்ல விட்டுக்கிட்டிருந்த இன்னும் ரெண்டு பண்ணைக்காரங்களும் கேட்டைப் பூட்டிட்டாங்க. உங்க ஆளுங்ககிட்டத்தான் இது ஒண்ணு இருக்கே, கெடச்சதை மறைச்சான்னு ஒரு பேச்சு வந்துட்டா அப்புறம் அவன் ஊர்ல மிஷினைத் தூக்கவே முடியாது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. க்ளைவ் கேட்டிருக்கான், ஏதாவது சொல்லணுமா ஹெட்லின்னு. மேவிஸ்னு கூட இல்ல, மிஸஸ் லார்வுட் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டாராம். பாத்தியா, ஒத்துக்கிட்டான்னு ஐரிஸ் சொன்னா. நானும்தான் சொன்னேன்.

ஒம்பது வருஷம். கடையில பாப்பேன். அவர் ரொட்டி வரிசையில நின்னா நான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கிட்டு சோப்பு வரிசைக்குப் போயிடுவேன். வீட்டுல சோப்பு நெறைய சேந்துபோச்சு.

என்ன கேட்ட?

அவர் காட்டவே இல்லியே, அது சவரன்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னா. கெட்டிக்காரன்தான் நீ. க்ளைவ் கேக்கல, அந்தப் பண்ணைக்காரங்க கேக்கல, ஒம்பது வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தரும் என்னை அந்தக் கேள்வி கேக்கல.

நான்தான் வச்சேன்.

ஆமா, நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டக் கரண்டியை எடுத்துட்டுப் போய், அவர் மொத மொதல்ல மிஷினை நீட்டற எடமாப் பாத்து, ஒரு சாண் ஆழத்துல வச்சு மூடிட்டு வந்தேன். குழாய்ச் சத்தத்தைத் தாண்டிக் காது குடுக்கத் தெரிஞ்ச ஆள் அவரு, அவருக்குக் கேக்கும்னு தெரியும். வீட்டுக்குக் கொண்டு வராரா, பாக்கெட்ல போட்டுக்கறாரா, பாத்துடுவோம்னு. ஆளைச் சோதிக்க வேற என்ன வழி இருக்கு, சொல்லு.

காசு சிரிலோடது. அவர் தாத்தா காசு. கடிகாரச் சங்கிலியில கோத்து அந்த அலமாரிக் கொக்கியில தொங்கிக்கிட்டிருக்கும். இடுக்கியால வளையத்தை முறிச்சுட்டு எடுத்தேன். இப்ப நீ அந்தச் சவரனைத் திருப்பு. ராஜா தலைக்கு மேல, விளிம்புல, வளையத்தைப் பத்த வச்ச தழும்பு ஒண்ணு இருக்கா?

இருக்கா.

ம். எனக்குத் தெரியும் இருக்கும்னு. நீ மேசையில வைக்கறப்பவே தெரியும். கேட்டு வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

இரு. இப்பவும் நான் உன்னை முழுசா நம்பலை. நீ பொய் சொல்லலாம், அவரே குடுத்து அனுப்பியிருக்கலாம். மனுஷனுக்கு எழுபத்தாறாகுது, போறதுக்கு முன்னாடி பேரைச் சரி பண்ணிக்கலாம்னு நெனச்சிருக்கலாம். எடுத்து வச்சிருந்த சவரனை உன் கையில குடுத்து, இந்தா, தொட்டி ஓரத்துல கெடச்சுதுன்னு சொல்லுன்னு சொல்லியிருக்கலாம். அதான் உன்னை இந்தப் பாடு படுத்தறேன். அந்த மண்ணுக்கட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டா. கீழ் பாதியை. பாரு, உள்ளே நூல் மாதிரி வெள்ளை வெள்ளையா ஓடுதே, புல்லு வேர். அந்த இருபது பென்ஸைச் சுத்திப் பின்னிக்கிட்டு இருக்கு. வளந்திருக்கு தம்பி. ஒரு வாரத்துல, ஒரு மாசத்துல இப்படிப் பின்னாது. இந்த வேருங்க பொய் சொல்ல வராது. அந்தத் தொட்டி ஓரத்துல கலப்பை ஏறினதே இல்ல, எது எப்படிக் கெடந்துச்சோ அப்படியே கெடக்கும்.

வருஷம் என்ன போட்டிருக்கு? என் கண்ணுக்குச் சரியாத் தெரியல. ரெண்டாயிரத்து?

பதினாலு. அவர் பேரை அடிக்க வச்ச அதே வருஷம்.

சரி. கடைசியா ஒரே ஒரு கேள்வி. இதுக்கப்புறம் கேக்க மாட்டேன். கட்டி பிளந்தப்ப எது மேல இருந்துச்சு, எது கீழ இருந்துச்சு? சவரன் மேல, இருபது பென்ஸ் கீழயா? மாத்திச் சொல்லலையே? கையை வச்சுக் காட்டு. இது வானம், இது பூமி. ம். சவரன் மேல. காசு அடியில.

நான் வெறும் மண்ணு மேலதான் வச்சேன். சவரனுக்கு அடியில மண்ணைத் தவிர ஒண்ணும் இல்ல. அதுக்கு அடியில ஒரு காசு போகணும்னா, சவரனை ஒருத்தர் வெளிய எடுத்திருக்கணும். எடுத்துப் பாத்துட்டு, குழிக்குள்ள தன் காசைப் போட்டுட்டு, அது மேல சவரனைத் திரும்ப வச்சு மூடியிருக்கணும்.

அஞ்சு நிமிஷம் முட்டி போட்டு உக்காந்திருந்தாருன்னு சொன்னேனே.

என்ன முட்டாள் பாரு நான். நேத்துத் தோண்டின மண்ணுக்கும் நானூறு வருஷமா அசையாத மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? கரண்டியை வச்சதுமே தெரிஞ்சிருக்கும், யாரோ நேத்துத்தான் வச்சிருக்காங்கன்னு. எடுத்துப் பாத்தா சிரில் காசு. ஆறு வருஷம் அந்த அலமாரிக்கு எதிர்ல உக்காந்து புட்டிங் சாப்பிட்ட மனுஷன். ஒரு பட்டனைப் பாத்தா எந்த ஊர் ராணுவம்னு சொல்ற கண்ணு. கொக்கியில சங்கிலி மட்டும் தொங்கறதைச் சாயங்காலம் உள்ள வந்ததும் பாத்துட்டாரு. அலமாரியைப் பாத்தாருன்னு நானே என் வாயால உனக்குச் சொன்னேன், ஒம்பது வருஷமா அது எனக்கு உறைக்கல.

உங்களுக்குச் சொந்தமான எதையும் நான் எடுத்துட்டுப் போகலன்னாரு. அட்சரம் பிசகாம உண்மைதான் சொன்னாரு. கொண்டு வந்து இந்த மேசையில வச்சிருந்தா ஜெயிச்சிருப்பாரு. அந்த மாதிரி ஜெயிக்க அவருக்கு இஷ்டமில்ல. சோதிச்சுப் பாக்கறவ வீட்டுல என்ன உக்காந்து சாப்பிடறதுன்னு நெனச்சிருப்பாரு. நெனச்சா நியாயம்தானே?

நீங்களே தோண்டிப் பாத்திருக்கலாமேன்னு கேக்கறதுக்கு வாய் வருது உனக்கு, கேட்டுடு. வீட்டுலேருந்து இருநூறு அடி. என்னிக்கு வேணா ஒரு கரண்டியை எடுத்துட்டுப் போயிருக்கலாம். கண்ணால பாத்தாச்சு, தோண்டி என்ன பாக்கறதுன்னு இருந்துட்டேன். கண்ணால கண்டதும் பொய்னு சும்மாவா சொல்லி வச்சாங்க. இல்ல, அதுவும் இல்ல. பயம் தம்பி. அங்க இருந்துடுமோன்னு பயம். இந்த மாசக் கடைசில வடிகால் குழாய் பதிக்க ஜேசிபி வருது, அந்த ஓரத்தைப் பூராக் கிளறிடும். அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் மிஷினோட வந்து கேட்டா விட்டுடுவோம்னு இருந்தேன். நீ கேட்ட. அதுக்காகத்தான் விட்டீங்களான்னு கேக்காத, எனக்கே தெரியாது.

எனக்கு டீ போதும். இந்தக் கோப்பையை வாங்கிக்க.

என்ன, இவ்வளவு வருஷம் வந்த ஆளைத் திடீர்னு ஏன் சோதிச்சீங்கன்னா? அதுக்கு முந்தின சனிக்கிழமை அவர் என்னைக் கேட்டாரு. அதோ அந்தத் தொட்டிக் குழாய்ல ஒரு பக்கிளைக் கழுவிக்கிட்டே, முதுகைக் காட்டிக்கிட்டே கேட்டாரு. மேவிஸ், நம்ம ரெண்டு பேரும் தனித்தனியா சமைச்சுக்கிட்டு இருக்கோமே, அது வீண் இல்லையான்னு. அவ்வளவுதான் கேட்டாரு. கல்யாணம்ங்கிற வார்த்தையே வரல. ஒரு வாரம் டைம் குடுங்கன்னேன். சரின்னு பக்கிளைத் துடைச்சு வச்சாரு.

அந்த வாரத்துலதான் ஐரிஸ் வந்து உக்காந்தா.

இல்ல, வேணாம்னு சொல்றதுக்காகச் சோதிக்கல. நீ என்ன நெனச்ச? அந்தச் சனிக்கிழமை அவர் சவரனை மேசையில வச்ச உடனே சரின்னு சொல்றதுக்குத்தான் உக்காந்திருந்தேன். புது கவுன் போட்டிருந்தேன். புட்டிங்ல அவருக்குப் பிடிக்கும்னு திராட்சையை ரெண்டு பங்கா போட்டிருந்தேன். அதை மூணு நாள் இந்த நாயோட அம்மா தின்னா.

தங்கத்தை நீ எடுத்துக்க. பாதியெல்லாம் வேணாம், முழுசும் எடுத்துக்க. எனக்கு அதைப் பாக்கப் பிடிக்கல. அந்த இருபது பென்ஸை மட்டும் இங்க வை. மண்ணோட, வேரோட, அந்தக் கட்டியோட. கழுவினா நான் யாருன்னு உனக்குத் தெரியும்.

உன் வண்டி சர்ச்சுப் பக்கமாத்தானே போகும்? அந்தக் கடைசி வீட்டுல என்னை இறக்கி விட்டுட்டுப் போ. காத்திருக்க வேணாம், திரும்பி நடந்து வந்துக்கறேன். கதவைத் திறக்கலன்னா வாசல்ல நிக்கறேன், என்ன இப்ப. பேசறதுக்கு ஒண்ணும் யோசிச்சு வைக்கல. அவர் இங்க வச்ச மாதிரி நான் இந்தக் கட்டியை அங்க அவர் மேசையில கொண்டுபோய் வைப்பேன், மீதியை அவர் பாத்துக்கட்டும்.

நெல்லி, நீ வீட்டுல இரு. தம்பி, அந்த அடுப்புப் பக்கத்துல பழைய பேப்பர் கெடக்கு பாரு, சுத்தமா ஒண்ணு எடுத்துக் குடு. அவர் மேசை அழுக்காகக் கூடாது.